நாலாயிரம் ரூபாய்க்கு ஏழு நாள்

கஸ்தூரியார் வீதிக் கடையில் விலை குறைவு.
பில்லின் அடியில் சிவப்பு முத்திரை:
விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது.
குத்திய கை அழுத்திக் குத்தியிருந்தது,
பின்பக்கம் தடவியும் படிக்கலாம்.

ஸ்ரான்லி வீதியில் அதே மொனிற்றர்,
அதே இருபத்துநாலு அங்குலம்,
நாலாயிரம் கூட.
"பிடிக்கேல்லையெண்டா ஏழு நாளைக்குள்ள கொண்டு வாங்கோ,
பெட்டியை மட்டும் எறிஞ்சுபோடாதேங்கோ"
என்றார் கிருபைராசா.
வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன்.
மொனிற்றர் இரண்டு கடையிலும் ஒரே விலைதான்.
மிச்ச நாலாயிரத்துக்கு
நான் வாங்கியது ஏழு நாள்.

ஓட்டோவில் மடியில் ஏந்தி,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
கொக்குவில் வந்து சேர்ந்தேன்.

நான் வீட்டுப்படம் கீறுகிறவள்.
பேர்கனில் பஸ் ஓட்டும் ஒருவருக்கு
உடுவிலில் எழும்பப்போகும் வீடு
ஐந்து மாதமாய் என் மேசையில் கிடக்கிறது.

இரண்டாம் இரவு, கறுப்புத் திரையில்
வெள்ளைக் கோடு இழுக்கையில் கண்டேன்
ஒரு பச்சைப் புள்ளி.
இலையான் எச்சமென்று நகத்தால் சுரண்டினேன்.
போகவில்லை.
படத்தை இடப்பக்கம் இழுத்தால் அது குசினியில்,
வலப்பக்கம் இழுத்தால் சாமியறையில்,
மேலே தள்ளினால் கிணற்றுக்குள்.
வீடு முழுதும் அசைந்தது.
புள்ளி நின்ற இடத்தில் நின்றது.

"ஒரு புள்ளிதானே, பொறுத்துப் போ" என்றார் கணவர்.
பொறுத்துப் போ என்ற சொல்லை
இந்த வீட்டில் பதினாலு வருடமாய் வாங்குகிறேன்,
ஒருநாளும் பில் தரப்பட்டதில்லை.

றெஜிபோமைத் தா, பள்ளிக்கூடத்துக்குப்
பருத்தித்துறை வெளிச்சவீடு செய்யவேணும்
என்று நின்றான் ஆரூரன்.
ஏழு நாள் பொறு என்றேன்.
(பாருங்கள், என் வாயிலும் அதே சொல்.)

ஆறாம் நாள் கடைக்குப் போனேன்.
வயர் கொழுவித் திரையை எழுப்பி
நாலு தலைகள் குனிந்தன.
"எங்க அக்கா?"
"இதில... இல்லை, இன்னும் கொஞ்சம் கீழ."
வீதி வெயில் கண்ணாடிக் கதவால் வந்து
திரை முழுதும் படுத்திருந்தது.
இரவிரவாய் என்னை விடாமல் பார்த்திருந்த புள்ளி
நாலு பேர் முன் வரமாட்டேன் என்றது.

வாய் உலர்ந்தது.
இருந்ததை இருந்ததென்று காட்ட
மூன்று பிரதி கேட்ட கவுண்டர்கள்,
கிராம சேவகர் கையொப்பம் கேட்ட கவுண்டர்கள்,
நாளைக்கு வாங்கோ என்ற கவுண்டர்கள்.
கைப்பைக்குள் விரல் தானாகவே
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது.

கிருபைராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சேட்டு நுனியால் துடைத்தார்.
"நீங்கள் கண்டனீங்கள்தானே?"
"ஓம்."
"அப்ப இருக்கு."

அவ்வளவுதான்.
மேல்தட்டில் இருந்து புதுப்பெட்டி இறங்கியது.
பில்லில் பழைய திகதியை வெட்டி
இன்றைய திகதி எழுதினார்.
"இண்டையில இருந்து திரும்பவும் ஏழு நாள்."
நன்றி சொல்ல நினைத்தேன்,
"பெட்டியை எறியமாட்டன்" என்றுதான் வந்தது.

இரவு புதுத்திரை. புள்ளி இல்லை.
பேர்கனில் இருந்து செய்தி:
குசினி யன்னல் கிழக்குப் பார்க்கவேணுமாம்.
படம் திரும்பி வருவது இது பதினோராம் தடவை.
என் கடையில் முத்திரையும் இல்லை, நாட்கணக்கும் இல்லை.
யன்னலைப் பெயர்த்துக் கிழக்கில் வைத்தேன்.
கிணற்றைத் தாண்டும்போது மட்டும்
கை ஒருகணம் நின்று
எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கட்டிலுக்குக் கீழே பெட்டி, பழுதில்லாமல்.
வெளிச்சவீடு இன்னும் ஏழு நாள் தள்ளிப்போனதை
ஆரூரனுக்கு எப்படிச் சொல்வதென்று
தெரியவில்லை.