ஓரத்தில் பென்சில்

ஆறு ஐந்துக்கு எங்கள் பஸ்
சிப்காட் கேட்டில் நுழையும்போது
ராத்திரிக்காரர்களின் பஸ் வெளியே வரும்.
எதிரெதிர் ஜன்னல்கள்.
அந்தப் பக்கம் எல்லா முகமும்
கண்ணாடியில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கும்.
அதில் ஒன்று பூவராகன்.
எது என்று தெரியாது.

ஆய்வகப் பதிவேட்டில் அவன் எண்கள் நீல மையில்.
ஓரத்தில் மட்டும் பென்சில்.
நான் சேர்ந்த முதல் வாரம்
ஈரப்பதம் பார்க்கும் மெஷின் முன்
அழாத குறையாக நின்றபோது
அங்கே கிடந்தது:
“உப்பனாற்றுக் காற்று அடித்தால் இது அடம்பிடிக்கும்.
ஜன்னலைச் சாத்து. கால் மணி விடு. அப்புறம் ஊசி.”
யாருக்கு எழுதினான்? பெயர் இல்லை.
சாத்தினேன். விட்டேன்.
எண் மெல்ல இறங்கி
ஓரிடத்தில் உட்கார்ந்தது.

அதன் கீழே எழுதினேன்: “வந்தது.”
மறுநாள்: “சந்தோஷம். நாலாம் ப்யூரெட் ஒழுகுது, தொடாதே.”

எட்டு மாதம் இப்படி.
ஒருநாள் நான் எழுதினேன்:
“நேற்றைய ஃபேக்டர் பழைய பாட்டிலுடையது.
பன்னிரண்டாம் தேதியே புதுசு திறந்தாச்சு.”
எழுதியபின் வயிற்றைக் கலக்கியது.
மேனேஜர் கண்ணில் பட்டால் அவன் வேலை போகும்.
ரப்பரைத் தேடுவதற்குள் பதிவேட்டை எடுத்துப் போய்விட்டார்கள்.
விடிந்ததும் பார்த்தேன்:
“என் தப்பு. மூன்று பேட்ச்சும் திரும்பப் போட்டேன்.”
அதை மட்டும்
நீல மையில், கட்டத்துக்குள்ளே எழுதியிருந்தான்.

பிப்ரவரியில் ‘அறிவுப் பகிர்வு நாள்’ என்று பேனர்.
ஏ.சி. ஹால், ஆளுக்கு ஒரு சமோசா.
“உங்களுக்குள் மனம்விட்டுப் பேசுங்கள்” என்றார்
சென்னையிலிருந்து வந்தவர், மைக்கில்.
யாரும் பேசவில்லை.
கைகழுவும் குழாயடியில்தான் பாய்லர் சுல்தான்
“மூணாம் வால்வைக் கால் திருப்பு முன்னாடியே விட்டுடு,
அதுவா ஓடி மூடிக்கும்” என்றார்.
ஈரக் கையோடு நாலு பேர் நின்று கேட்டோம்.

சென்னைக்காரர் சொல்லித்தான்
போனில் கணக்குத் திறந்தேன், தொழில் தொடர்புக்கு.
நாற்பத்தொரு பேர் வாழ்த்தினார்கள்.
ஒருவருக்கும் தெரியாது
நான் இடக்கையால் குடுவையைச் சுழற்றுவேன் என்று.

ஜூனில் பென்சில் நின்றது.
நீல எண்கள் உருண்டை உருண்டையாக
வேறு யாரோ.
“காண்ட்ராக்ட் முடிஞ்சுது” என்றார் தேவநாதன் சார்,
பக்கம் புரட்டுவதை நிறுத்தாமல்.

ஆகஸ்டில் புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு அழைப்பு.
“அஞ்சலாட்சிங்களா? பூவராகன் நம்பர் கொடுத்தார்.”
என் நம்பர் அவனிடம் ஏது?
அவன் ராத்திரி பஸ் டிரைவரைக் கேட்டு
அவர் எங்கள் டிரைவரைக் கேட்டு
அவர் என் பக்கத்து சீட் ரெஜினாவைக் கேட்டு
ரெஜினா என்னைக் கேட்காமலே கொடுத்திருக்கிறாள்.

நேர்காணலில் முதல் கேள்வி:
“அவரை எத்தனை வருஷமாத் தெரியும்?”
“பார்த்ததில்லை சார். படிச்சிருக்கேன்.”
அவர் சிரித்துவிட்டு
பழைய பாட்டில் கதையைச் சொன்னார்.
பூவராகனே சொன்னதாம்,
தன் பெயரோடு, தேதியோடு.
என்னைப் பற்றி அவன் கொடுத்த சான்று
அவ்வளவுதான்.

கடைசி நாள் உருண்டை எழுத்துக்காரருக்கு
ஓரத்தில் எழுதிவைத்தேன்:
“மூணாம் டிராயரை இழுக்காதீங்க, தூக்குங்க.”
பதில் வந்ததா தெரியாது.

மேட்டுப்பாளையத்திலும் அவனுக்கு ராத்திரிதான்.
எனக்குக் காலை.
இங்கே பதிவேடு கம்ப்யூட்டரில்,
எண்ணுக்கு ஒரு கட்டம், கையொப்பத்துக்கு ஒரு கட்டம்.
ஓரம் கிடையாது.

திரையின் விளிம்பில்
மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது,
பென்சிலில்:
“மேலே ஏ.சி. சொட்டுது. தராசை நகர்த்து.”