ஐந்நூறு

குறுமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருக்கையில்
மடிக்கணினியைத் திறந்தேன்.
எழுவான்கரைக் கோப்பில் ஆட்கள்,
அறுபத்தெட்டாயிரம் வரி.
படுவான்கரைக் கோப்பில் வயல்கள்,
தொண்ணூறாயிரத்துச் சொச்சம்.
நடுவே வாவி.
பசளைக் காசு யாருக்கு,
கச்சேரி கேட்டது அவ்வளவுதான்.

பெயரை நம்பினால் தாழ்ந்துபோவோம்.
இங்கே நல்லரெத்தினம்
அங்கே நல்லரட்ணம்
வங்கிக்காரருக்கு நல்லரத்னம்,
மூவருக்கும் ஒரே மீசை.
முகம்மது ஏழு விதம். ஏழும் சரி.

ஆகவே அடையாள அட்டை எண்.
பழையதென்றால் முன்னால் பத்தொன்பது வை,
கடைசி நாலுக்கு முன் ஒரு பூச்சியம் செருகு,
வால் எழுத்தை உதிர்.
பின்னால் ஒட்டிக்கிடக்கும் வெற்றிடத்தையும் வெட்டு,
கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றால்
முந்தாநாள் ஒரு கிராமமே காணாமற்போனது.

இரண்டு கோப்பும் ஏறுவரிசையில் நின்றபின்
இரண்டு விரல் போதும்.
இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று.
பின்தங்கியது ஓரடி வைக்கும்.
சமமானால் இருவரும் பாதையில் ஏறலாம்.
திரும்பி நடக்க இடமில்லை.

ஓடி முடிந்தது.
ஆளில்லாத வயல்கள்: பதினோராயிரத்து நானூற்றிரண்டு.

கயிறவிழ்த்தார்கள்.
ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் கோழிக்கூடைக்கும் இடையில் நின்று
அந்த வயல்களின் பெயர்களை உருட்டினேன்.
தெய்வானைப்பிள்ளை, வெல்லாவெளி, ஒன்றரை ஏக்கர்.
கனகவல்லி. பூரணிப்பிள்ளை. சித்தி ஹாஜறா.
உருட்ட உருட்ட
ஒரு மீசையும் வரவில்லை.

அட்டையில் ஆணுக்குப் பிறந்த நாளின் இலக்கம்,
பெண்ணுக்கு அதோடு ஐந்நூறு.
இது எனக்குத் தெரியாதா,
என் நாளே எழுநூற்றுப் பன்னிரண்டு.
போன மாதம் வயது கணக்கெடுக்க
அந்த ஐந்நூறைக் கழித்தது நான்தான்.
கழித்ததை எண்ணிலேயே எழுதி
அப்படியே சேமித்துவிட்டு
தேநீர் குடிக்கப் போனதும் நான்தான்.

வயல் பெண்வழி இறங்கும் மண்ணில்
ஒற்றைக் கழித்தல் குறியால்
உரிமைக்காரிகளை இறக்கிவிட்டிருக்கிறேன்.
எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை.
பொருந்தாத வரி கத்தாது.

கோழிக்கூடைக்காரி எட்டிப் பார்த்தாள்:
"என்ன பிள்ள, கணக்குப் பிழைச்சிட்டா?"
"ஓம். கூட்டோணும்."

கூட்டினேன்.
மீண்டும் இரண்டு விரல், மீண்டும் முதல் வரி.
மண்டூர்க் கரையில் பாதை இடித்து நின்றபோது
பத்தொன்பது வயல் மட்டும் மிச்சம்.
அவற்றுக்கு எந்த விதியும் எழுதவில்லை.
பத்தொன்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு
கமநல நிலையத்துக்கு
ஓட்டோ கேட்டேன்.