பெலும்

இரவு ஒன்றரைக்கு ஊதல் ஒலித்ததும்
ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். நானும்.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பாலத்தை
நாளுக்கு நாலு தடவை கடக்கிறேன்.
பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு
நாற்பத்து நாலு இருக்கை,
காலை ஷிப்டு, இரவு ஷிப்டு.
எந்த இணைப்பில் டயர் டடக் என்னும்,
எந்த வளைவில் காற்று வண்டியை ஒதுக்கும்,
எல்லாம் தெரியும் என்றிருந்தேன்.
பாலம் ஒரு மேடு என்பது தெரியாது.
அது காலுக்குத்தான் தெரியும்.

இருபத்தொன்பதாவது கிலோமீட்டரில்
வலது கெண்டைக்கால் கல்லானது.
உப்புத் தண்ணீர் குடித்தேன்,
பேரிச்சம்பழம் தின்றேன்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கடல் பார்ப்பவன் போல நின்றேன்.
கீழே ஒரு கப்பல்
விளக்கை அணைக்காமல் தூங்கியது.
வாழைப்பழ வேடமிட்ட ஒருவர் என்னைத் தாண்டி ஓடினார்.
அவரையும் மன்னித்தேன்.

பிறகு பின்னால் பேருந்து வந்தது,
முதல் கியரில்,
மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
நேரமாகிவிட்டது, ஏறுங்கள் என்று
ஒரு பையன் பணிவாகச் சொல்லி
என் எண்ணைக் குறித்துக்கொண்டான்.

உள்ளே பதினெட்டு பேர்.
காலணியைக் கழற்றி மடியில் வைத்திருந்த சீனப் பெண்,
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்த மலாய்க்காரர்,
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
நான் ஓட்டுநரைப் பார்த்தேன்.
கிளட்ச் தேய்ந்திருந்தது.
மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் அழுதது.
சொல்லலாமா என்று வாயெடுத்து விட்டுவிட்டேன்.
ஏற்றிக்கொண்டு வரப்பட்டவன்
யோசனை சொன்னால் யார் கேட்பார்?

நாலு மாதம் விடிகாலையில் எழுந்து
எதற்காகக் காலைப் பழக்கினேனோ
அந்தப் பதின்மூன்று கிலோமீட்டர்
பதினாறு நிமிடத்தில் முடிந்தது.

கஸ்தூரி அழைத்தாள்.
"முடிஞ்சிதா?"
"முடியல."
ஓட்டம் முடியலையா, உங்களால முடியலையா
என்று அவள் கேட்கவில்லை.
"வரும்போது தேங்காய் வாங்கிட்டு வாங்க."

மோட்டாரை எடுக்கப்
பதக்கங்களுக்கு நடுவே நடந்தேன்.
யாரோ ஒருவர், தெரியாமல், கை குலுக்கினார்.
நானும் குலுக்கினேன். அதுதான் இன்றும் கூசுகிறது.

எண் அட்டையைக் குப்பையில் போட்டேன்.
நாலு ஊக்குகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.
ஊக்கு என்ன செய்தது?
ஒன்று கஸ்தூரியின் சேலைக்குப் போனது,
ஒன்று பேருந்தின் கிழிந்த திரைக்கு.
மற்ற இரண்டும் எங்கேயோ.

திங்கள் காலை
அந்த விளக்குக் கம்பம் வந்தது.
கண்ணை மூட முடியாது, நாற்பத்து நாலு உயிர்.
எதிரே போன லாரியின் எண்ணைப் படித்தேன்.
மாலையிலும் ஏதோ ஒரு எண்ணைப் படித்தேன்.

வியாழக்கிழமைதான் பிம் பகதூர் கேட்டான்,
முன்னிருக்கையில், நேப்பாளம் கலந்த மலாயில்:
"ஹபிஸ், அபாங்?"
முடித்தாயா என்றும் கேட்கலாம் அந்தச் சொல்,
தீர்ந்துவிட்டாயா என்றும் கேட்கலாம்.
"பெலும்" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது.
சாப்பிட்டாயா, கல்யாணம் ஆயிற்றா, வீடு வாங்கினாயா,
எதற்கும் இந்த ஊரில்
இல்லை என்று முகத்தில் அடிக்கமாட்டார்கள்.
பெலும். இன்னும் இல்லை.
தொண்ணூறு வயதுப் பிரம்மச்சாரியும்
பெலும் என்றுதான் சொல்வார்,
கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

அதற்காக அடுத்த வருடம் ஓடுவேன் என்றில்லை.
படியில் இறங்கினால் கால் இன்னும் சொல்கிறது.
பிம் பகதூர் தலையாட்டினான்,
திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனான்.
ஊக்கு பிடித்துக்கொண்டது.

அந்தக் கம்பம் வரும் இடத்தில்
கியர் மாற்றத் தேவையே இல்லை.
நான் மாற்றுகிறேன்.
வண்டி ஒரு நொடி தளர்ந்து, பிறகு போகிறது.
யாரும் விழிப்பதில்லை.