ஒனக்கதா?

ஒன்பது கிலோதான் என்றான் கடைக்காரன்.
ரெண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.
அந்த இலேசுக்கு எண்பத்தெட்டாயிரம்.
படந்தாலுமூட்டு வீட்டில் பதினெட்டு என்று சொன்னேன்.
மிச்சம் எழுபது
எனக்கும் அவனுக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

அப்புறம் பூட்டு.
சாலைக் கம்போளத்தில்
ஆனைக்குப் போடுகிற மாதிரி ஒரு சங்கிலி, ரெண்டரைக் கிலோ.
லாடம்போல் வளைந்த இன்னொன்று, ஒன்றே முக்கால்.
காசு கொடுத்துக் குறைத்த எடையைக்
காசு கொடுத்தே திரும்ப ஏற்றிக்கொண்டு
களியக்காவிளை மேட்டில் மூச்சு வாங்கினேன்.

பாறசாலை ஸ்டேஷன், காலை வண்டி.
சட்டத்தைக் கம்பத்தோடு கட்டி
முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்சக்கரத்தோடு பிணைத்து
விளக்கு, மணி, தண்ணிக்குப்பி எல்லாம் உருவி
ஸீட்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடுவேன்.
பெண்கள் பெட்டியில் அது என் மடியில் இருக்கும்,
நெய்யாற்றின்கரையில் ஏறுகிறவர்கள்
பிள்ளையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை.
மூச்சைப் பிடி, அசையாதே, விடு.
திரையில் யாருடையதோ விலா எலும்பு தெளியும்போது
கம்பத்தடியில் கையும் காலும் இல்லாமல் நிற்கும்
என்னுடையது நினைவு வரும்.

களவு போனால் எங்கே எழுதிக் கொடுப்பது?
வீடு இந்தப் பக்கம், கம்பம் அந்தப் பக்கம்.
களியக்காவிளையில் தமிழில் எழுதினால்
பாறசாலைக்குப் போ என்பார்கள்.
பாறசாலையில் மலையாளத்தில் எழுத
எனக்குக் கூட்டெழுத்து வராது.
இரவெல்லாம் ரெண்டு மொழியிலும்
புகார் எழுதிக்கொண்டு கிடந்தேன்.

போனது சைக்கிள் அல்ல, சாவி.
நேமத்தில், பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில்
ரெண்டும் ஒரே வளையத்தில்.

கிரில் பட்டறை விஜிலன் மிஷினோடு வந்தான்.
சாயாக்கடையில் கரண்ட் எடுத்தான்.
சாயங்காலம் ஐந்தரை, ஸ்டேஷன் வாசல் நிறைய ஜனம்.
பொறி பறந்தது.
வயரைத் தாண்டிப் போனார்கள்,
முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு.
"சரிச்சுப் பிடி, சீக்கிரம் அறும்" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.
காலில் விழாமலிருக்கச் சங்கிலியின் நுனியை
ஒருவர் வந்து பிடித்தும் கொடுத்தார்.
காக்கிச் சட்டை ரெண்டு பேர்
பொறி படாத தூரத்துக்குக் கிளாஸை நகர்த்திக்கொண்டார்கள்.
நாலு நிமிடம்.
ஆனைச் சங்கிலி பப்படம்போல் ஆயிற்று.

விஜிலன் லாடத்தில் கை வைத்தபோதுதான்
லாட்டரி மேசைக்குப் பின்னாலிருந்து
லலிதாம்பிகா எழுந்து வந்தாள்.
"நிறுத்துடே" என்றாள் அவனிடம்.
என்னிடம்:
"ஒனக்கதா?"

எனக்கதுதான் என்றேன்.
சொல்லும்போதே குரல் திருடிக்கு ஆயிற்று.
பில் இருக்கா?
இருக்கு, வீட்டில், பழைய எக்ஸ்ரே உறைக்குள் ஒளித்து.
படம்?
போனில் சார்ஜ் இல்லை.
"என்ன வெலை?"

சுற்றிலும் பார்த்தேன்.
படந்தாலுமூட்டு ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று.
பிறகு சொன்னேன், எண்பத்தெட்டாயிரம்,
முதல்தடவையாக, வாய்விட்டு, நடுரோட்டில்.
விஜிலன் மிஷினைக் கீழே வைத்துவிட்டான்.

அவள் என்னையே பார்த்தாள், நெடுநேரம்.
"கள்ளி கொறச்சுல்லா சொல்லுவா" என்றாள்.
"செரி. அறுடே."

இப்போது ஒரே பூட்டு.
வண்டி அவள் மேசைக் காலோடு நிற்கிறது.
தினம் ஒரு சீட்டு எடுக்கிறேன்.
எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பயம்,
அதனால் அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுப்போகிறேன்.
சாயங்காலம் வந்து, விழுந்துதா அக்கா என்பேன்.
"இல்ல மக்களே" என்பாள்.
நம்புகிறேன்.

ஸீட்டை மட்டும்
இன்னும் கழற்றிக்கொண்டுதான் போகிறேன்.