மூவாயிரத்துச் சொச்சம் கண்

வெள்ளகோவில் தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட்.
எட்டுத் தறியும் விடாமல் அடிக்கிறது
கண்ணே இல்லாத துணி.
கரண்டு போனால்தான் என் வேலை.
பாவு தீர்ந்த உருளையில் சுற்றிக் கிடக்கும் மிச்ச நூலுக்கு
ஓனர் வைத்த பேர் கழிவு.
எடுத்துக்கொள் என்பார், சனிக்கிழமை கூலியில் பிடித்துக்கொள்வார்.
நாலு பிரி சேர்த்துத் தொடையில் வைத்து உருட்டினால்
கழிவு, கயிறு.

நைலான் விற்கிறதே, வாங்கேன் என்றார்கள்.
நைலான் காற்றில் பேசும்.
அந்தக் காதுக்கு முன்னால் பேசலாமா?

மூங்கில் பட்டையில் ஊசி,
அளவுக்கு ஒரு வேலாங்கட்டை.
மொசலின் தலை நுழையணும், தோள் நுழையக் கூடாது.
வலைக்கு இருக்கிற புத்தியெல்லாம்
அந்த அரை அங்குலத்தில்தான்.
உயிரோடு நான் மொசலின் தோளைப் பார்த்ததில்லை.
சட்டியில் பார்த்திருக்கிறேன், அது போதும்.

ஆவாரம்பட்டையைக் கொதிக்க விட்டு ரெண்டு நாள் ஊறப்போட்டேன்.
வெள்ளை நூல் நிலாவுக்குக் காட்டிக் கொடுக்கும்.
சாயம் ஏறினால் செம்மண்ணோடு செம்மண்,
பாவுக் கஞ்சியின் நாற்றமும் போய்விடும்.
கட்டினது ஒரு தறிக்காரி என்று
அதற்கு எப்படித் தெரியும்?

மாசி, தேய்பிறை.
எங்கூட்டுக்காரன் தோளில் போட்டுக்கொண்டு போனான்.
கொறங்காட்டுக் கிளுவை வேலியில் ஒரு கடவு,
ஆடு நுழையாது, நாய் யோசிக்கும்.
காய்ந்தும் காயாமலும் புழுக்கை கிடந்தால்
நேற்று வந்த வழி, இன்றும் வரும்.
கவைக்குச்சி நட்டு மேல்கயிற்றைச் சும்மா சார்த்தி வைக்கணும்.
இழுத்துக் கட்டினவன் முட்டாள்.
விறைத்த வலை மொசலைத் திருப்பி அனுப்பிவிடும்.
தொளதொளவென்று நின்றால்
அது ஓடி வந்த ஓட்டமே அதன் மேல் விழும்.

அன்றைக்கு முதலில் விழுந்தது
வாட்ச்சர் எட்வினின் பூட்ஸ் கால்.

ரேஞ்ச் ஆபீஸ் மேசையில்
பத்துப் பாக வலை
ஒரு சோத்துப் பொட்டலம் அளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது.
"பேரு?"
"நாட்ராயனுங்க."
"வலை யாரு கட்டினது?"
"நாந்தானுங்க."
எட்வின் ஒரு முழம் சணலைத் தூக்கிப் போட்டார்.
"எங்கே, ஒரு கண்ணு போடு பார்ப்போம்."

காளைக்கு மூக்கணாங்கயிறு போடத் தெரிந்த கை.
அறுந்த பாவை இருட்டில் முடியத் தெரிந்த கை.
பெருவிரலில் சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தான்.
உருவிக்கொண்டு வந்தது.
இன்னொரு தரம்.
ஃபேன் சுற்றியது.
சுவரில் தொங்கிய காலண்டர் மான்
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல்படியில் நின்ற என்னை
அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.
பார்த்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

"சுண்டுவிரலைக் கீழே கொடுக்கணுமுங்க" என்றேன்.

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.
ரேஞ்சர் பேனாவை மூடினார்.
"ஏம்மா, உன்னையும் சேர்த்து எழுதட்டுமா?"
"எழுதுங்க. தெய்வாத்தா.
கண்ணு மூவாயிரத்துச் சொச்சம்.
எண்ணிப் பார்த்துட்டு எழுதுங்க."

எண்ணவும் இல்லை, என்னை எழுதவும் இல்லை.
எழுதினது இது:
ஆண் ஒருவர். முயல் இல்லை. வலை ஒன்று, பழையது.

பழையதாம்.
என் நகத்தில் இன்னும் பட்டைச் சாயம் போகவில்லை.

அபராதத்துக்கு ஓனரிடம் அட்வான்ஸ்.
மூலனூர் பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் பார்த்து வந்தோம்.
காற்றாடிகளின் சிவப்பு விளக்கு
எல்லாம் ஒன்றாக எரிந்து, எல்லாம் ஒன்றாக அணைந்தது.
கண்டக்டர் சில்லறை கொடுத்துப் போன பிறகு
"சுண்டுவிரலா?" என்றான்.
"ம்."

செவ்வாய்க்கிழமை சுள்ளிக்குப் போனபோது பார்த்தேன்.
கவைக்குச்சி ரெண்டும் நட்டது நட்டபடி நின்றன,
தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல்.
நடுவில் புழுக்கை.
குனிந்து நசுக்கிப் பார்த்தேன்:
ஈரம்.