பன்னிரண்டுக்கு ஒன்று

ரெண்டடி ஏற
இருபத்துநாலடி சாய்வு வேண்டும் என்றேன்.
ராக்கியப்பன் காதிலிருந்த பென்சிலை எடுத்து
மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார்.
"அத்தன நீளம் போட்டா
காரு எங்கெங் அம்மிணி நிக்கும்?"

காரை விற்றாயிற்று.
தார் போடும்போதெல்லாம் நாலு விரல் உயர்கிறது தளி ரோடு.
மழைத் தண்ணிக்குப் பயந்து
முட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன
இந்தத் தெருவின் வீடுகள்.
என் முட்டிக்கு முடியாது என்றால் பொய்.
போன ஞாயிறு பஞ்சலிங்க அருவிவரை நடந்தே ஏறினேன்.
வயது ஐம்பத்தெட்டு. சர்க்கரை இல்லை.

"பொறகு யாருக்குங் இதெல்லாம்?"

ஒருத்தி வரப்போகிறாள், ராக்கியப்பன்.
எப்போதென்று சொல்லவில்லை.
என் செருப்பு அவளுக்குச் சேராது, கால் வீங்கியிருக்கும்.
ராத்திரி நாலு தடவை எழுவாள்.
கட்டிலிலிருந்து கக்கூசுக்கு எனக்குப் பதினோரு எட்டு.
பூசாத தரையில், கண்ணை மூடி,
குதிகாலை இழுத்து இழுத்து
அவளாக நடந்து பார்த்தேன்.
இருபத்தாறு.
சுவரை நாலடி கிழக்கால தள்ளச் சொன்னேன்.

முப்பது வருசம் ஆயுள் காப்பீடு விற்றவள் நான்.
இறந்தால் இவ்வளவு, முதிர்ந்தால் இவ்வளவு.
முதிர்வு என்று படிவம் சொன்னது பணத்தை.
முதிர்ந்த ஆளின் பாத்ரூம் கதவு
எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்க
அதில் ஒரு கட்டம் இல்லை.

வெளியே திறக்க வேண்டும்.
உள்ளே விழுந்தவருக்கு
அவர் உடம்பே தாழ்ப்பாள்.
பொங்கலூரில் என் பாலிசிதாரர் ஒருவரை
உடைத்துத்தான் எடுத்தார்கள்.
காசோலையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
டீயும் குடித்தேன்.

பிடிகம்பி இப்போது வேண்டாம்.
அந்த இடத்தில் மட்டும் ஹாலோ பிளாக் வைக்காதீர்கள்,
கெட்டிச் செங்கல் வையுங்கள்.
என்றைக்கோ ஒரு திருகு உள்ளே போகும்,
அதன்மேல் ஒரு முழு ஆள் தொங்கும்.

நெலவு வேண்டாம் என்றதும்தான் பஞ்சாயத்து.
"நெலவில்லாத வூட்ல லச்சுமி நிக்காதுங்."
தடுக்காமல் உள்ளே வரட்டும் முதலில் என்றேன்.
மஞ்சள் எங்கே பூசுவது என்று
மதிலுக்கு மேலாக மல்லீஸ்வரி கேட்டாள்.
நியாயமான கேள்வி.
தரைக்குச் சமமாக ஒரு பித்தளைப் பட்டை பதித்தோம்.
சித்தாள் வேலாத்தா முதல் பொட்டு வைத்தாள்.

ஆடியில் காற்று சாரத்தைச் சாய்த்தது.
ராக்கியப்பனுக்குக் கணுக்கால்.
அவரில்லாமலே ஆவணியில் பால் காய்ந்தது.

புரட்டாசியில் பாக்கிப் பணத்துக்கு வந்தார்,
ரெண்டு கக்கத்திலும் கட்டை.
ஆட்டோக்காரன் பிடிக்க ஓடிவந்தான்,
வேண்டாமென்று தலையாட்டினார்.
நானும் நாற்காலியைவிட்டு எழுந்தவள்
அப்படியே நின்றுவிட்டேன்.
சாய்வின் நடுவில் நின்றார்.
ஒரு கட்டையால் தட்டினார்.
இன்னொரு தட்டு.
"இங்க ரெண்டு நூல் தூக்கீருக்குதுங்.
செருப்புக் காலுக்குத் தெரியலைங்,
கட்டைக்குத் தெரியுது."

தண்ணி கேட்டார். பிறகு பாத்ரூம் கேட்டார்.
தனியாகப் போனார், தனியாக வந்தார்.
"நாப்பது நாளா எம்பையன்தான் தூக்கி..."
மீதியைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.
பணத்தை எண்ணவில்லை.

தையில் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து,
அந்த ரெண்டு நூலைக் கொத்தி எடுத்தார்.
ஒட்டுப் போட்ட இடம் நிறம் சேரவில்லை,
கொஞ்சம் சொரசொரப்பு வேறு.
"தேச்சுடட்டுங்களா?"

இருக்கட்டும் என்றேன்.
கரண்டு போன ராத்திரி
பாதி ஏறிவிட்டோம் என்று
அவள் காலுக்குத் தெரியட்டும்.