நாற்பத்தேழாம் வரி

துறோம்சோவில் ஜனவரி. பகல் பதினொன்றாகியும்
ஜன்னலில் நீல இருட்டு.

கன்டெய்னர் அதேதான்.
நேற்றுவரை அடித்தளத்து சர்வரில் ஓடியது,
இன்று பிராங்க்ஃபர்ட்டில்.
ஸ்வீடனுக்குக் கருவாடு போகிறது, டென்மார்க்குக்கும்.
உள்நாட்டுக்கு மட்டும்
ஒரு பெட்டி நகரவில்லை.

சுன்னிவா கட்டமைப்புக் கோப்பில் வரிவரியாக இறங்கினாள்.
நாட்டுக்கு இரண்டே எழுத்து: என், ஓ.
பழைய மேடை நார்வே என்று படித்தது.
புதியது அதை ஆங்கிலமாக்கி, 'இல்லை' என்று கேட்டு,
நாடு இருந்த இடத்தில்
'பொய்' என்று எழுதிவைத்திருந்தது.

மலை, கடல், வரி கட்டும் ஐம்பத்தைந்து லட்சம் பேர்.

ஜன்னலைத் திறந்து கத்தினாள்:
"தூர்ஃபின், நாம் இல்லையாம்!"
கீழே மண்வாரியோடு நின்றவன் நிமிர்ந்தான்.
"அப்போ இந்தப் பனியை யார் தள்ளுவது?"

குளிருக்குக் காது மூடுவதுபோல்
இரண்டு எழுத்துக்கும் இருபுறம் மேற்கோள் குறி போட்டாள்.
சோதனைக்கு ஒரு கோப்பு,
நிஜ ஓட்டத்துக்கு ஒன்று,
யாரும் அணைக்கத் துணியாத அடித்தளத்துக்கு ஒன்று.

பன்னிரண்டரைக்கு ஹம்மர்ஃபெஸ்ட் பெட்டி கிளம்பியது.

நான்காவதாக ஒரு நகல்
யாருடைய மடிக்கணினியிலாவது இருக்குமோ?
அதில் நாம்
இன்னும் பொய்.